சலோமி சவுண்ட் சர்வீஸ்

கையில் தூக்குச்சட்டியோடு அம்மா வாகை மரத்தடியில் நின்றுவிட்டாள். மத்தியான வெயில். தலைக்கு மேலே கிளையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல், வார்த்தையே இல்லாமல், தனக்குத்தானே முனகிக்கொள்கிற குரல்.

அம்மாவுக்கு அப்போதே காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் நின்று கூப்பிட்டால்கூட இரண்டாவது தடவைதான் திரும்புவாள். அன்றைக்கு அண்ணாந்து பார்த்தாள். தூக்குச்சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

"யாருய்யா அது? நம்ம சலோமி கணக்காவே இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சலோமி என் அக்கா. அவளை அடக்கம் பண்ணி அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

பாடியது யாரென்று எங்களுக்குத் தெரியாது. இங்கிலாந்துப் பையன்கள் யாரோ போட்ட இசைத்தட்டு. அது விருதுநகருக்கு வெளியே, சூலக்கரைக்குப் போகிற வழியில் ஒரு மரத்து உச்சியிலிருந்து எப்படிக் கேட்டது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மீன்கள் ஏறிய படிக்கட்டு

சிவகாசி அச்சகத்தில் நான் பட்டாசு லேபிள் ஆர்ட்டிஸ்டாக இருந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "மயிலையும் கிளியையும் தவிர உங்களுக்கு வேறெதுவும் வரைய வராதா?" என்று கேட்டிருக்கிறார். புலியும் வரும் ஐயா. ஏஜெண்டு என்ன கேட்டாரோ அதை வரைந்தோம். சொந்தப் புத்தியைக் காட்டினால் வேலை போய்விடும்.

அந்தக் காலத்து ஏஜெண்டுகள் கையோடு மாதிரி கொண்டுவருவார்கள். பிஸ்கட் டின் மூடி, சோப்பு உறை, வெளிநாட்டுக் காலண்டர், எது கண்ணில் பட்டாலும் சரி. "இதே மாதிரி வேணும், ஆனா இது மாதிரியே இருக்கக் கூடாது" என்பார்கள். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். மயிலின் தலையை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் திருப்பிவிடுவோம்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். தீபாவளி ஆர்டர் ஆரம்பிக்கும் முன்னால் பம்பாய் ஏஜெண்டு ஒருவர் பெரிய சதுர அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கடலுக்குள்ளிருந்து ஒரு படிக்கட்டு வானத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மீன் வாயில் விளக்கைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பூச்சட்டி டப்பாவுக்கு இதைப் போட வேண்டும் என்றார். அந்த நீலத்தைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நீலம் எங்கள் மையில் வராது.

ஃபோர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி வேலையில் கெட்டிக்காரர். மாதிரிப் படம் பலகையில் சமமாக ஒட்டியிருந்தால்தான் மேலே தாள் வைத்து வரி எடுக்க முடியும். அட்டையின் ஓரங்களைப் பிளேடால் கிழித்தார். முன்பக்கத்தைப் பலகையில் ஒட்டினார். பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். அதை மை குழைக்கிற மேசையில் விரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நாலு கலரையும் குடித்துவிட்டு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. லேபிள் ஆர்ட்டிஸ்டுக்குப் படம் போதும்.

உள்ளே ஒரு கறுப்புத் தட்டு இருந்தது. பசைச் சட்டிக்கு மூடியாக இருக்கட்டும் என்று ஒருவர் அதை எடுத்துப் போனார். நான் ஓடிப்போய் வாங்கினேன்.

"ஏலே, அத வச்சு என்னலே பண்ணப் போற?" என்றார் அண்ணாச்சி.

"எங்க அத்தான்கிட்ட செட்டு இருக்குல்ல அண்ணாச்சி."

"ஆமால்ல. சரி கொண்டு போ. சலோமி பாடட்டும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் என் அக்காவைச் சொல்லவில்லை. செட்டைச் சொன்னார். அதுதான் எங்களுக்கு வாய்த்த கஷ்டம்.

குழாயில் எழுதிய பெயர்

அக்காவைக் கட்டிய அத்தான் பெயர் தங்கையா. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், எலெக்‌ஷன் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர். இரண்டு குழாய்கள், ஒரு ஆம்ப்ளிபயர், தட்டுச் சுழலுகிற ஒரு பெட்டி, மாட்டு வண்டி நிறைய வயர். அவர் கல்யாணத்தன்றே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புளியமரத்தில் ஏறித் தன் குழாயைத் தானே கட்டியவர். கீழே போதகர் ஐயர் ஜெபப் புத்தகத்தோடு காத்திருந்தார்.

குழாய்களில் உரிமையாளர் பெயரை எழுதி வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் திருவிழாவில் மாறிப்போகும். கல்யாணம் முடிந்த மறு வாரமே அத்தான் தன் பெயரை அழித்துவிட்டு, சிவப்பு பெயிண்டில் 'சலோமி சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதச் சொன்னார். எழுதியது நான்தான். அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

"எம் பேர மரத்து மேல ஏத்திட்டீகளே. நாளைக்கு வார்டுல எம்மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?" என்று சண்டை பிடித்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. ஊர்க்காரர்கள் சர்வீஸை விட்டுவிட்டார்கள், சவுண்டையும் விட்டுவிட்டார்கள். "ஏலே, சலோமி வந்தாச்சா?" "சலோமிய அந்தக் கொளாயடி மரத்துல கட்டு." "சலோமிக்குத் தொண்ட கட்டிருச்சுய்யா, வயரப் பாரு." தாயில்பட்டியிலிருந்து வருகிற நோயாளிகள் ஊசி போட்டுக்கொண்டே, "எங்க ஊருப் பொங்கலுக்கு நீங்கதான் பாடுனீக" என்பார்களாம். அவள் சிரித்துக்கொண்டே ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் போடுவாளாம்.

வார்டில் தொற்றிய மஞ்சள் காமாலை அவளை அதே வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. பிறகு கல்லறைத் தோட்டத்தில். குழந்தை இல்லை.

ஊர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள். முதல் மாதம் முடிந்து அத்தான் செட்டு கட்டப் போன ஊரில், வண்டி நுழைந்ததும் பந்தலிலிருந்து ஒருவர் உற்சாகமாகக் கத்தினார்: "சலோமி வந்துட்டாடோய்!" நான் கூடப் போயிருந்தேன். அத்தான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை.

திரும்பும்போது கேட்டேன். "பேர அழிச்சிருவோமா அத்தான்? எங்கிட்ட பெயிண்ட் இருக்கு."

"அழிச்சுட்டா, அப்புறம் அவள யாரு மச்சான் கூப்பிடுவா?" என்றார்.

அவரைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. ஊரிலுள்ள அத்தனை பேர் குரலையும் குழாயில் விட்டவர் அவர். பஞ்சாயத்துத் தலைவர்கள், பிள்ளை காணாமல் தேடிய தாய்மார்கள், தொண்டை கிழிந்த வேட்பாளர்கள், எல்லோரும் அவர் மைக்கில் பேசியிருக்கிறார்கள். அக்கா ஒரு தடவைகூடப் பேசவில்லை. "பேருதான் மரத்துல தொங்குது, சத்தமாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவாள். டேப்பில் பதிவு செய்வதெல்லாம் எங்களுக்கு எட்டாத விஷயம். போட்டோ இருந்தது. குரல் எங்கும் இல்லை.

அவள் பாட்டுக்காரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்பதால் வேதக்கோயில் பாடற்குழுவில்கூடச் சேரவில்லை. ஆனால் காத்திருக்கிற நேரத்தில் முனகுவாள். கரி இஸ்திரிப்பெட்டி சூடேறுகிறவரை, உலை கொதிக்கிறவரை, வாயை மூடிக்கொண்டே ஏதோ ஒன்று. மேலே போகும், பாதியில் நின்று யோசிக்கும், பிறகு கீழே இறங்கும். எந்தப் பாட்டென்று கேட்டால் "நான் எங்க பாடுனேன்?" என்பாள்.

ஏழில் மடக்குகிற தாளம்

தட்டை அத்தானிடம் கொடுத்துவிட்டு நான் சிவகாசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் வாசலிலேயே நின்றார்.

"மச்சான், நீ கொண்டாந்த பிளேட்டு என்னான்னு நெனச்ச? போயி மரத்தடியில நில்லு."

அவர் வீட்டில் இசை கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பெட்டி உள்ளே அறையில் இருக்கும். சத்தம் வெளியே மரத்தில் இருக்கும். வீட்டுக்குள் வைத்துக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் அவரிடம் கிடையாது. ஆகவே கேட்கிறவன் பொட்டலில் நிற்க வேண்டும், போடுகிறவர் உள்ளே உட்கார வேண்டும். வாடகைக்குப் போகும் முன் செட்டை டெஸ்ட் செய்வதாக அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

நின்றேன். முதலில் பாத்திரக்கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு வேதக்கோயில் ஆர்கன். அதன் மேல் ஒரு புல்லாங்குழல் வந்து சண்டை போட்டது. இது முடியும் என்று நினைக்கும்போது வேறொன்று தொடங்கியது. அது முடியாமலே மூன்றாவது. ஒரு பாட்டே தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடியது. எங்கள் ஊர்த் தட்டுகளில் ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு பீடிகூட முடியாது.

அத்தான் ஜன்னல் வழியாகத் தொடையில் தட்டிக் காட்டினார். "எட்டுன்னு நெனச்சா ஏழுல மடக்கிப்புடுதான் பாத்தியா? கள்ளப்பய!"

அக்கா போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டாவது பக்கத்தின் கடைசியில் ஒரு மணி அடித்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஊசி உரசுகிற இரைச்சல் மட்டும். தட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குள் போகத் திரும்பினேன். அப்போதுதான் அந்த முனகல் வந்தது. மேலே போயிற்று. பாதியில் நின்று யோசித்தது. கீழே இறங்கியது.

வெயிலில் நின்று அழுதேன். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. உள்ளேயிருந்து அத்தான் வரவில்லை. நானும் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் அம்மா வந்து தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

இந்த இடத்தில் தாயில்பட்டிக் காதுகுத்தைச் சொல்லாமல் போனால் அத்தானுக்கே பொறுக்காது. அந்தத் தட்டு ஒரு நாள் கல்யாணப் பாட்டுகளோடு கலந்து வண்டியேறிவிட்டது. தாய்மாமன் சீர் கொண்டு வருகிற நேரத்தில் அத்தான் தட்டின் பெயரைப் பார்க்காமல் எடுத்துப் போட்டார். பாத்திரக்கடை சரிந்தது. சீர்த்தட்டுகள் நடுத்தெருவில் நின்றன. ஊர்ப் பெரியவர் ஒருவர் குழாயை அண்ணாந்து பார்த்து, "ஏ சலோமி, என்னாத்தா ஆச்சு ஒனக்கு?" என்று கவலையாகக் கேட்டார். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிகிற இடத்தில் பேச்சும் முடிந்துவிடும்.

அம்மாவின் ஆர்டர்

அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். "அந்தப் பிள்ள இன்னும் பாடியிருக்குமில்ல? ஒரு பிளேட்டோடயா நிறுத்தியிருப்பா? போய்த் தேடிட்டு வாய்யா."

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ப் பாரு மச்சான்" என்றார் கடைசியில்.

இப்படித்தான் நான் இசைத்தட்டுச் சேகரிப்பாளன் ஆனேன். என் பேரன் நண்பர்களிடம் "தாத்தா அந்தக் காலத்திலேயே புரோகிரசிவ் ராக் கலெக்டர்" என்று பெருமை அடிக்கிறான். அந்த வகைக்கு அப்படி ஒரு பெயர் உண்டென்று எங்களுக்கு அப்போது தெரியாது. அத்தானும் நானும் 'மடக்குப் பாட்டு' என்போம்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் பாடியவர் பெயர் இல்லை, குழுவின் பெயர்தான் இருந்தது. அதைத் துண்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனேன். கப்பல்காரர்கள் சட்டை, கடிகாரம், ரேடியோ எல்லாம் விற்பார்கள். சில சமயம் இசைத்தட்டும் வரும். மெட்ராஸுக்கு அச்சக வேலையாகப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு விற்கிற ஒரு பாய் கடையில் போய் உட்காருவேன். அவருக்கு என் தேவை புரிய இரண்டு தடவை ஆயிற்று. புரிந்த பிறகு எனக்கென்று எடுத்து வைப்பார்.

"தம்பி, உங்களுக்காகவே ஒண்ணு வச்சிருக்கேன். போட்டுக் கேட்டேன், தலைவலி வந்துட்டு. கண்டிப்பா உங்களுக்குப் பிடிக்கும்."

அப்படி வந்தவை பல. ஒன்றில் இடி இடிக்கும், டைப்ரைட்டர் அடிக்கும், அதற்குள்ளிருந்து பிடில் வரும். ஒன்றில் பாட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி பின்னோக்கி ஓடும். ஒன்றில் நம்மூர் சிதாரை எடுத்து என்னவோ செய்திருந்தார்கள், அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. அதே குழுவின் வேறு இரண்டு தட்டுகளும் கிடைத்தன. இரண்டிலும் ஆண் குரல்தான். அவளைக் காணோம்.

நான் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அம்மா விருதுநகரில் அத்தான் வீட்டுக்கு வந்து காத்திருப்பாள்.

"கெடைச்சாளாய்யா?"

"இதுல அவ இல்லம்மா."

"பரவால்ல. எங்கன போயிரப் போறா?"

சேர்க்கத் தொடங்கிய காரணம் வேறாக இருந்தாலும் அந்தச் சங்கீதத்தின் மேல் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் சாவு விழுந்த பிறகு கேட்கிற பாட்டு நேராகப் போய் முடிந்தால் எரிச்சலாக இருக்கும். இது எங்கே போகிறோம் என்று அதற்கே தெரியாமல் போயிற்று. எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு, விளக்கைக் கவ்விய மீன்கள் பூச்சட்டி டப்பாக்களில் ஏறி லோடு லோடாக வடக்கே போயின. நீலம் நான் பயந்தபடியே வரவில்லை. ஊரெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் தெருவில் எறிந்தது. அதன் பாட்டை எங்கள் பொட்டலில் நாங்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நாலு தாடிக்காரர்கள்

ஒரு தடவை பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வந்துட்டுது தம்பி! நீங்க சொன்ன மீன் படம்."

அதே தட்டு, அட்டையோடு. கிழிக்காத, மை படாத அட்டை. படிக்கட்டையும் மீன்களையும் அந்த நீலத்தோடு பார்த்தபோது பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. பாய் தன் பெட்டியில் இரண்டாவது பக்கத்தைப் போட்டார். எனக்கு மனப்பாடமான பாட்டு. எந்த இடத்தில் குழல் வரும், எங்கே ஏழில் மடக்கும் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. இரைச்சல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓர் ஆண் முனகினான்.

தடித்த, சோம்பலான ஆண் குரல். மெதுவாக மேலே போயிற்று, நின்று யோசித்தது, இறங்கியது. அதே மெட்டு.

"இது வேற பிளேட்டு பாய்."

"அதேதான் தம்பி. பேரைப் பாருங்க."

"இந்த எடத்துல ஒரு பொம்பள பாடணும்."

பாய் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு போட்டோ. நாலு பேர், நாலு தாடி. கீழே யார் எதை வாசித்தார்கள் என்று பொடி எழுத்தில் இருந்தது. நாலும் ஆண்பிள்ளைப் பெயர். ஐந்தாவது பெயர் இல்லை.

அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஊசியைப் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, பெட்டியின் ஓரத்தில் இருந்த ஸ்பீடு குச்சியை 33-லிருந்து 45-க்குத் தள்ளினார். இந்தப் பெரிய தட்டு சுற்ற வேண்டியது 33-ல். அதை 45-க்குத் தள்ளினால் தட்டு விரட்டிக்கொண்டு ஓடும், குரல் மெலிந்து உயரும்.

என் அக்கா முனகினாள்.

"இவங்களையா இத்தனை நாளாத் தேடுனீங்க?" என்று பாய் வாய்விட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஊசியை எடுத்து வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார்.

அட்டையோடு அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. ரயில் முழுக்க ஒரே நினைப்பு. அத்தான் பெட்டியில் கோளாறு என்றால் தட்டு முழுக்க அல்லவா விரட்டி ஓட வேண்டும்? மற்ற இடமெல்லாம் பாய் கடையில் கேட்டது போலவேதான் எங்கள் மரத்திலும் கேட்டது. பெட்டிக்கு ஒரு இடத்தில் மட்டும் கோளாறு வராது. அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பின்வாசல்

விருதுநகரில் இறங்கி நடந்தேன். தூரத்திலேயே குழாய் கேட்டது. இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வாகை மரத்தடியில் அம்மா தூக்குச்சட்டியோடு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக நானும் அங்கேதான் போயிருப்பேன். அன்றைக்கு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

குழாய் பொட்டலைப் பார்த்திருந்ததால் அறைக்குள் அவ்வளவாகச் சத்தம் இல்லை. ஊசிமுனையிலிருந்து வருகிற எறும்பளவு பாட்டு மட்டும். அத்தான் தரையில் சம்மணமிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வலது கை பெட்டியின் ஓரத்தில் இருந்தது.

வெளியே மணி அடித்தது. இரைச்சல் தொடங்கியது. அத்தானின் விரல் குச்சியை 33-லிருந்து 45-க்கு நகர்த்தியது. குழந்தை தூங்குகிற அறையின் கதவைச் சாத்துகிற மாதிரி, சத்தமில்லாமல்.

மரத்தில் அக்கா முனகினாள்.

அவர் நிமிர்ந்தபோது நான் நின்றிருந்தேன். பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குச்சியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாத்துட்டியா மச்சான்?"

"ஆம்பளை அத்தான்."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"நீ குடுத்துட்டுப் போன மொத நாளே. ஞாபகமில்லாம 45-ல வச்சு ஓட்டிட்டேன். கன்னாபின்னான்னு ஓடுச்சு. எடுத்துரலாம்னு கையக் கொண்டு போறேன், இந்த எடம் வந்துருச்சு. அப்புறந்தான் தாள்ல போட்டிருந்த ஸ்பீடப் பாத்தேன். மத்ததயெல்லாம் சரி பண்ணிட்டேன் மச்சான். இத மட்டும் சரி பண்ண முடியல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. தூத்துக்குடி வெயிலும் மூர் மார்க்கெட் புழுதியும் ஞாபகம் வந்தன.

"பின்ன எதுக்கு அத்தான் என்னய ஊர் ஊரா அலைய விட்டீக? அம்மா ஒவ்வொரு தடவயும் வந்து காத்துக் கெடக்காளே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ தேடப் போயிட்டன்னா, திரும்பி வார வரைக்கும் அவ எங்கனயோ இருக்கா மச்சான். அத்தையும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. அந்த நாலஞ்சு நாளு வீட்ல சோறு எறங்குது."

முனகல் கீழே இறங்குகிற இடம் வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நானும் சுவரில் சாய்ந்து நின்றேன். இத்தனை நாளும் மரத்தடியில் பெரிதாகக் கேட்டதை அன்றைக்கு ஊசிமுனையில் சின்னதாகக் கேட்டேன். உலை கொதிக்கிறதற்குக் காத்திருந்தபோது அவள் முனகியதும் இவ்வளவு சின்னச் சத்தம்தான்.

தட்டு முடிந்தது. அத்தான் குச்சியை 33-க்குக் கொண்டுவந்தார். ஊசியை எடுத்து வைத்தார்.

முன்வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தவள் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"எப்பய்யா வந்த? நான் அங்கன மரத்தடியில ஒன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." தூக்குச்சட்டியை வைத்துவிட்டு என் பையைத் தொட்டாள். "கெடைச்சாளா?"

அத்தான் ஒரு துணியை எடுத்து, தூசியே இல்லாத தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே நாலு தாடிக்காரர்களும் விலாவில் இடித்தார்கள்.

"இந்தத் தடவையும் இல்லம்மா. தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் வருதாம். அதுல பாக்கச் சொல்லியிருக்காக."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. "இருக்காம எங்கன போயிருவா? ரெண்டு பேரும் வாங்க, சாப்பிடலாம்."

அடுத்த வாரம் தூத்துக்குடிக்குப் போனேன். அதற்குப் பிறகும், அம்மா இருந்தவரை போய்க்கொண்டிருந்தேன்.